எதிர்க்கட்சிக்கு ஒரு வீடு

அந்த விலங்குக் காப்பகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "இதற்கு என்ன நேர்ந்தது?" என்பதன்று, "இது எதைத் தின்னும்?" என்பதுமன்று. "இது என்ன சாதி?" என்பதுதான். முறிந்த கால் ஆறிக்கொண்டிருக்கும் நாயைக் காட்டினாலும் கேட்பார்கள். கண் திறந்த மறுநாளே குப்பைமேட்டில் வீசப்பட்ட குட்டியைக் காட்டினாலும் கேட்பார்கள். வீட்டுக்கு வரப்போவது ஓர் உயிர் என்பது நினைவுக்கு வருவதற்குள், அதன் குலம் நினைவுக்கு வந்துவிடும்.

கூண்டுகளைக் கழுவுவதும் தண்ணீர் வைப்பதுமாக நெடுங்காலம் அங்கே பணியாற்றி வந்தவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே விடைதான் உண்டு.

"நாய்ச் சாதிங்க. நாலு காலு, ஒரு வாலு. பிடிச்சிருந்தா தடவிப் பாருங்க, பிடிக்கலேன்னா பக்கத்துக் கூண்டைப் பாருங்க."

கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவிக்கு இந்த விடை போதவில்லை. பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிப் பழகிய நா அவளுடையது. வந்த முதல் வாரத்திலேயே, சாதி கேட்ட ஒரு தம்பதியைக் கூண்டுகளுக்கு நடுவே நிறுத்தி, பிறப்பைக் கொண்டு பெருமை பேசும் பேதைமை மனிதனோடு நிற்காமல் வாயில்லா உயிர் வரைக்கும் வழிந்தோடுகிற கொடுமையைப் பற்றி அவள் ஆற்றிய உரை, கல்லையும் உலுக்கியிருக்கும். அந்தத் தம்பதியையும் உலுக்கியது. இருவரும் நேரே தங்கள் வண்டியை நோக்கி நடந்தார்கள்.

"பேசினது அத்தனையும் நியாயம்மா," என்றார் அண்ணன், குழாயை மூடியபடி. "ஆனா நியாயத்தைக் கேட்டவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. கேக்காத நாய் இங்கயே கிடக்கு."

அன்று முதல் அவர் அவளை மைக் என்று கூப்பிட்டார். பிறகு காப்பகமே அப்படிக் கூப்பிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைக் கூட்டினாள். சிக்குப் பிடித்த முடியைச் சீவினாள். மருந்தை உணவில் மறைத்து வைக்கக் கற்றாள். எந்த நாய் குழந்தைகளோடு ஒத்துப்போகும், எந்தப் பூனை மாடிப்படி உள்ள வீட்டில் மகிழ்ந்திருக்கும் என்று பொறுமையாகச் சொல்லக் கற்றாள். அவள் கையால் பல உயிர்கள் வீடு போய்ச் சேர்ந்தன.

வீடு தேடும் வேலை நடந்தது சந்திப்பு அறை என்ற ஒரு சின்ன அறையில். ஒரு பெஞ்சு, ஒரு பாய், ஒரு தண்ணீர்க் கிண்ணம், இரண்டு கதவுகள். முன்கதவு வழியாக மனிதர் வருவார். பின்கதவு வழியாக விலங்கு வரும். மனிதர் வந்ததும் முன்கதவு சாத்தப்படும். பின்கதவு மட்டும் திறந்தே இருக்கும். காப்பகத்தின் தலைமை மருத்துவர் வகுத்த விதி அது. "அவங்களுக்கு மட்டும் இல்ல, இதுக்கும் வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கணும்," என்பார் டாக்டரம்மா. விலை கொடுப்பவர் மட்டுமே தேர்ந்தெடுக்கிற உலகத்தில், வாலுள்ள ஓர் உயிர் எழுந்து போகலாம் என்று கதவைத் திறந்து வைத்த இடம் அது ஒன்றுதான் என்று மைக் எண்ணுவாள். எண்ணும்போதே நெஞ்சு நிமிரும்.

அந்த உரிமையை ஒரு நாய் மிச்சம் வைக்காமல் அனுபவித்தது.

பழுப்பு நிறம், மடிந்த ஒரு காது, நடுத்தர வயது. முன்பு எந்த வீட்டில் இருந்தது, யார் விட்டுப்போனார்கள் என்பது எவருக்கும் தெரியாது. வருகிறவர் பெஞ்சில் உட்காருவார். நாய் அவரை ஒருமுறை பார்க்கும். குரைக்காது, உறுமாது, பல்லைக் காட்டாது. எழுந்து, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி, நிதானமாகப் பின்கதவு வழியே வெளியேறிவிடும். தீர்மானம் எதுவாக இருந்தாலும் வெளிநடப்பு. அதனால் அண்ணன் அவனுக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்திருந்தார்.

ஆனால் மைக் வந்தால் மட்டும் அவன் ஆளே வேறு. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நெடுநாள் வீடு கிடைக்காத ஒரு விலங்கை ஒப்படைப்பது அங்கே வழக்கம். அவள் பொறுப்பில் வந்தவன் எதிர்க்கட்சி. காலையில் அவள் காலடி கேட்டதும் கம்பியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பான். சந்திப்பு அறைப் பாயில் அவள் உட்கார்ந்தால், முழுப் பாரத்தையும் அவள்மேல் சாய்த்துப் பெருமூச்சு விடுவான். அண்ணனிடமும் வருவான், டாக்டரம்மாவிடமும் வருவான். ஆனால் சாய்வது இவள்மேல் மட்டும்தான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு; இவளுக்கு இவன்.

ஒருநாள் டாக்டரம்மா சொன்னார்: "மாசக் கடைசியில பண்ணைக்கு வண்டி போகுது. வீடு அமையாதவங்களை அனுப்பியாகணும். இங்க இடம் இல்ல."

பண்ணை என்பது ஊருக்கு வெளியே, வேலி போட்ட ஒரு பெரிய வெளி. உணவு உண்டு, கூரை உண்டு, மருந்து உண்டு. வருகிறவர் மட்டும் கிடையாது. பசிக்கு அங்கே விடை இருந்தது. சாய்ந்துகொள்ள ஒரு மடி இல்லை.

"எதிர்க்கட்சியுமா டாக்டர்?"

"நீ தேடிக் குடுத்தா இல்ல."

அவள் பயிற்சி முடிவதும் அதே மாதக் கடைசியில்தான். விடுதி அறையில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. எதிர்க்கட்சியின் முன்னால் இருந்தவை இரண்டே: ஒரு வீடு அல்லது அந்த வேலி.

அப்போது வந்தவர்தான் தையற்காரர். தெருக்கோடியில் கீழே கடை, மேலே வீடு. அங்கே அவரும் அவருடைய அக்காவும். திருமணம் இருவருக்கும் அமையவில்லை. அமையவில்லையே என்று இருவரும் அழுததுமில்லை. வெட்டுவது தம்பி, அளவெடுப்பதும் பேசுவதும் அக்கா.

"காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு பக்கம் மிஷின் சத்தம், ஒரு பக்கம் அக்கா சத்தம்," என்றார் தையற்காரர். "சத்தமே போடாத ஒருத்தர் வீட்டுல வேணும்ங்க எனக்கு."

அவர் சாதி கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை மைக்குக்குப் பிடித்துப்போனது. எதிர்க்கட்சியை அழைத்து வந்தாள். அவன் பார்த்தான், சிலுப்பினான், போனான். மறுநாளும் வந்தார். அன்றும் வெளிநடப்பு. மூன்றாவது முறை, பெஞ்சை விட்டுப் பாயில் இறங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியேறியது.

"பரவாயில்லைங்க. சட்டை பிடிக்கலேன்னு கழட்டிப் போட்டுட்டுப் போற வாடிக்கையாளரை நான் நிறைய பார்த்திருக்கேன்," என்று அவர் சிரித்தார். ஆனால் வாயிலைக் கடக்கும்போது அவர் தோள் தொங்கியிருந்தது.

அந்தத் தோளைப் பார்த்தபோது மைக்குக்கு வருத்தம் வந்தது. வருத்தத்துக்குள்ளே, சொல்ல வெட்கப்படும்படியான ஒரு மகிழ்ச்சியும் வந்தது. 'என்னைத் தவிர யாரிடமும் இவன் போகமாட்டான்.' பிறரை அடக்கி வைத்தவர்களெல்லாம் உலகில் முதலில் சொன்ன சொல் இதுதான் என்பதை மேடையில் முழங்கியிருக்கக்கூடியவள் அவள். தன் நெஞ்சுக்குள் கேட்டபோது அவளுக்கு அது அன்பின் குரலாகவே இருந்தது.

அடுத்து வந்தவர் அக்கா. தம்பியின் பின்னால் அல்ல, அவருக்கு முன்னால். அவர் வந்தது நாயை மறுப்பதற்கு.

"யாரும்மா இங்க பெரியவங்க? என் தம்பி உங்க நாயைப் பார்க்க வந்து வந்து, மூணு ஜாக்கெட்டு அளவு தப்பாத் தச்சு வெச்சிருக்கான். வெட்டின துணியில முடி ஒட்டினா எவ போட்டுக்குவா? நாய் கீய் எல்லாம் எங்களுக்கு வேண்..."

முடிக்கவில்லை. அண்ணன் தோளில் தூக்கி வந்த குட்டியொன்று, அக்காவைக் கண்ட உற்சாகத்தில், அவர்மேலேயே தன் வேலையை முடித்துவிட்டது.

"ஐயையோ!"

"ராசியான குட்டிங்கம்மா," என்றார் அண்ணன், பதற்றத்தை மறைத்து. "யாரு மேல பட்டாலும் அந்த வாரமே வீடு கிடைச்சிடும்."

"எனக்கா, அதுக்கா?"

உடனே ஒரு மாற்றுடை தேவைப்பட்டது. காப்பகத்தில் இருந்த மாற்றுடை ஒன்றுதான்: பணியாளர் எல்லோரும் அணிகிற பச்சைக் கோட்டு. அண்ணன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நனைந்ததை மாற்றி அதை மாட்டிக்கொண்டு, சந்திப்பு அறையில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அவர் திட்டத் தொடங்கினார். வந்ததற்கு ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மைக் நாயை அழைத்து வந்தாள்.

எதிர்க்கட்சி அறைக்குள் வந்தான். தம்பியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். நேரே அக்காவிடம் போய், மடியில் தலையை வைத்து, பெருமூச்சு விட்டுச் சாய்ந்தான்.

அறை அமைதியானது. அக்கா உட்பட.

"டேய்... இது என்னடா பண்ணுது?"

"அக்கா, அசையாத!"

"எங்கடா அசையறது? சிமெண்டு மூட்டை மாதிரி மேல விழுந்து கிடக்கு."

"மூணு நாளா நான் தவம் கிடக்கிறேன். வேண்டாம்னு சொல்ல வந்தவங்க மடியில போய்ப் படுக்கிறானே!" தையற்காரரின் குரலில் மகிழ்ச்சியும் வயிற்றெரிச்சலும் ஒரே நூலில் ஓடின.

அக்காவின் கை, அவரையும் அறியாமல், மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தது. மைக் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தாள். சலவைக் கூடத்தின் மருந்து வாசனை வீசும் அதே பச்சைக் கோட்டு. அவள் அணிவது, அண்ணன் அணிவது, டாக்டரம்மா அணிவது. எதிர்க்கட்சி இதுவரை ஏற்றுக்கொண்ட எல்லோரும் அணிந்திருந்தது.

மறுநாள் காலை, தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வருகிறவர்கள் நுழையும் முன்கதவு வழியாக அவள் சந்திப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அண்ணன் பின்கதவு வழியாக நாயை விட்டார்.

எதிர்க்கட்சி வாலை ஆட்டினான். அவள் என்பது அவனுக்குத் தெரிந்தது. இரண்டடி முன்னால் வந்தான், மோந்தான். பிறகு வால் மெல்ல இறங்கியது. சிலுப்பிக்கொண்டு வெளியேறினான். ஆனால் கூண்டுக்குப் போகவில்லை. நடைபாதை ஓரத்தில், வாயில் தெரிகிற இடத்தில் போய்ப் படுத்து, வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோட்டு இல்லாமல் அவன் அவளை எப்போது பார்த்திருக்கிறான்? மாலையில், கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு அவள் வாயிலைக் கடந்து போகும்போது. அப்போது மட்டும்தான். வந்தவர்களும் அப்படித்தானே? கோட்டு இல்லாதவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள், திரும்பவில்லை. கோட்டு அணிந்தவர்கள் மட்டும் விடிந்தால் திரும்பி வந்தார்கள். அவன் துணியை நேசிக்கவில்லை. யார் போய்விடுவார்கள், யார் தங்குவார்கள் என்று அந்தத் துணியைக் கொண்டு தீர்மானித்தான். அவர்கள் விட்டுப்போவதற்கு முன்னால் தானே விட்டுப்போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான்.

அவனை வெளி உலகத்துக்குப் பழக்குவதுதான் அவளுக்குத் தரப்பட்ட வேலை. அவளோ, கழற்றாத கோட்டோடு கொஞ்சிக் கொஞ்சி, கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட் ஊட்டி ஊட்டி, காப்பகத்தின் எல்லைக்குள்ளேயே அவனைப் பத்திரமாகப் பூட்டிவிட்டாள்.

"அண்ணே," என்றாள். "கதவைத் திறந்து வெச்சோம்னு பெருமைப்பட்டேன். பூட்டே நான்தான்."

"அட விடும்மா. பூட்டுன்னு தெரிஞ்சா சாவி செய்யலாம். செவுருன்னு தெரிஞ்சாதான் கஷ்டம்."

அவள் நேரே தையற்கடைக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கையில் ஒரு பழைய பச்சைக் கோட்டு இருந்தது.

"இதை ஒரே நாள்ல கழட்டினா அவன் போயிடுவான். கொஞ்சம் கொஞ்சமாக் கழட்டணும். நீங்க தினமும் இதைப் போட்டுக்கிட்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைச்சு வெட்டுங்க. கடைசியில கோட்டு இருக்காது, நீங்க இருப்பீங்க."

தையற்காரர் கோட்டைத் திருப்பிப் பார்த்து, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினார். "ஆயுசுக்கும் துணியைச் சேர்த்துத் தச்சிருக்கேன். இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லைங்க."

"நானும் வரணுமா?" என்றார் அக்கா, அளவுநாடாவைச் சுருட்டியபடி.

"நாயே வேண்டாம்னு சொன்னீங்களேக்கா?" என்றாள் மைக்.

"அது வேற. இவன் ஒழுங்கா வெட்டறானான்னு யாரு பார்க்கிறது?"

இருவருக்கும் சேர்த்து இரண்டு கோட்டுகளுக்கு டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். முதலில் முழுக் கோட்டு. தையற்காரர் மேலும் எதிர்க்கட்சி சாய்ந்தான். அவர் மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தார். பிறகு கோட்டின் கைகள் போயின. பிறகு காலர் போயிற்று. பிறகு கோட்டு இடுப்பளவுக்கு ஏறியது. கடையிலேயே நாள்தோறும் தொங்கிக் கிடந்ததால், சலவை மருந்தின் வாசனை கரைந்து, எந்திர எண்ணெயும் இஸ்திரிச் சூடும் அதில் ஏறின. கோட்டு குறையக் குறைய நாய்க்கும் மனிதருக்கும் இடையே இருந்த இடமும் குறைந்தது.

மாதக் கடைசி நெருங்குகிறதே என்ற தவிப்பில் ஒருநாள் தையற்காரர் அவசரப்பட்டார். அரைக் கோட்டிலிருந்து ஒரே தாவலாக, கோட்டின் ஒற்றைப் பையை மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தார். எதிர்க்கட்சி பார்த்தான், எழுந்தான், போய்விட்டான்.

"அளவெடுக்காம வெட்டினா இப்படித்தான்!" அக்கா பொங்கினார். "வாடிக்கைக்காரிக்கு இப்படி வெட்டியிருந்தா கத்தரியைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருப்பா. தையி! மறுபடியும் தையி!"

தம்பி அங்கேயே ஊசியை எடுத்து, வெட்டியதைக் கோத்துத் தைத்தார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆனால் ஓங்கி ஓர் அடி அடித்தால் உடையும் என்பதை அன்று மூவரும் கற்றார்கள். மறுநாள் தைத்த கோட்டோடு மீண்டும் தொடங்கினார்கள். மெல்ல, முன்பக்கம் மட்டும். பிறகு பை. பிறகு மணிக்கட்டில் ஒரு பச்சை நாடா.

அந்த நாட்களில் மைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே போகவில்லை. அவள் போனால் அவன் அவளிடம் வருவான் என்பது தெரியும். ஒவ்வொரு முறை அவன் பிறர் மடியில் தலை வைக்கும்போதும் அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று வெட்டுப்பட்டது. வெட்டுவது சரியான அளவுதான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பல நாட்கள் அதை நம்பவும் செய்தாள்.

வண்டி கிளம்புவதற்கு இரண்டு நாள் இருந்தபோது, அக்கா மூச்சிரைக்க வந்தார். யாரோ ஒருத்தி தைத்த துணியைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டாளாம்.

"இடுப்பு இறுக்குதாம்! என் அளவு இறுக்குமா? அவ என்னிக்கு அளவு குடுத்தா, என்னிக்கு வாங்க வந்தா? நடுவுல உடம்பு சும்மாவா இருக்கும்?" பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டே போனார். எதிர்க்கட்சி வந்து மடியில் தலையை வைத்தான். அவர் காதைத் தடவிக்கொண்டே, "நீயே சொல்லு, நியாயமா?" என்று கேட்டார்.

தையற்காரர் மெல்லக் கேட்டார்: "அக்கா, நாடா எங்க?"

அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தார். வெறும் கை.

"போடா, அந்தச் சண்டையில மறந்து தொலைச்சிட்டேன்," என்றவர், மடியிலிருந்த தலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். தம்பி தன் நாடாவையும் அவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டு, பாயில் உட்கார்ந்தார். எதிர்க்கட்சி எழவில்லை. பின்கதவு விரியத் திறந்தே கிடந்தது.

பண்ணை வண்டி அவன் இல்லாமலே போயிற்று.

அவன் வீட்டுக்குக் கிளம்பிய காலையில், காப்பகத்தின் வழக்கப்படி எல்லோரும் வாயிலில் நின்றார்கள். எல்லோர் மேலும் பச்சைக் கோட்டு. தையற்காரர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருந்தார். அக்கா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். வாயிலில் எதிர்க்கட்சி நின்றான். திரும்பினான். வரிசையாக நின்ற கோட்டுகளைப் பார்த்தான். பிறகு மைக்கை மட்டும் பார்த்தான். வால் ஒருமுறை அசைந்தது.

தையற்காரர் இழுக்கவில்லை. அவருக்கும் தெரியும், இது அவன் தீர்மானம். மைக்கின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. விரல்களுக்குள் ஒரு பிஸ்கட். தொண்டைக்குள் அவன் பெயர். ஒரு சொல் போதும்; அவன் ஓடி வந்து முழுப் பாரத்தோடு சாய்வான்.

தெருவில் அக்காவின் குரல் போய்க்கொண்டே இருந்தது. "கடையைத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன், எவன் எதைத் தூக்கிட்டுப் போறானோ! வர்றவங்க வாங்க. கூட்டம் போட்டு வேடிக்கை பார்க்கிறவங்க பாருங்க. எனக்கு வேலை இருக்கு..."

மடிந்த காது நிமிர்ந்தது. குரல் தூரமாகப் போவதை அது கேட்டது. எதிர்க்கட்சி தெருப்பக்கம் திரும்பி, ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டான். கயிற்றின் மறுமுனையில் தையற்காரர் இழுபட்டு ஓடினார்.

அவர்கள் திருப்பத்தில் மறையும் வரை மைக் நின்றாள். பைக்குள் பிஸ்கட் தூளாகியிருந்தது.

"என்ன மைக்கு," என்றார் அண்ணன் தணிந்த குரலில், "இன்னிக்குப் பேச்சைக் காணோம்?"

"பேசினா திரும்பி வந்துடுவான்ணே."